சிறுமலை இறக்கம்

திண்டுக்கல், நாகல் நகர்
5.8.2024

பிராங்கிளின்,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை அப்படிச் செய்ய முடியாது என்பதால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

ஐரின் அடக்கத்துக்கு நான் வந்திருந்தேன். நீ அப்போது மதுரை ஆஸ்பத்திரியில் காலுக்கு ஆபரேஷன் முடிந்து கிடந்தாய். கல்லறைத் தோட்டத்து வாசலில் உன் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, "இவன உள்ள விடாதீங்க, என் மருமகளக் கொன்னவன்" என்றார். நான் ரோட்டிலேயே நின்றுகொண்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போனார்கள். என் மகள் தமிழ்மதியும் போனாள். ஐரின்தானே அவளுக்கு வகுப்பு டீச்சர். என்னைத் தாண்டும்போது அவள் தலையைத் திருப்பவே இல்லை. வீட்டிலும் அன்றிலிருந்து என்னோடு பேச்சு கிடையாது. நான் சாப்பிட உட்கார்ந்தால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஸ்டேஷனில் நீ எழுதிக் கொடுத்ததைக் காட்டினார்கள். "பிரேக் வேலையை அரைகுறையாகச் செய்த மெக்கானிக் முருகேசன்" என்று இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே சைக்கிளில் சுற்றிய பயல், உன் கையெழுத்தில் நான் வெறும் மெக்கானிக் முருகேசனா? அதைப் படிக்கவே கூச்சமாக இருந்தது போ.

நான் கேட்பது ஒன்றுதான். வண்டியை நான் பார்க்க வேண்டும். ஸ்டேஷன் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். சொந்தக்காரன் சொன்னால்தான் தொட விடுவார்களாம். சேவுகம்பட்டித் தென்னந்தோப்பில், மோட்டார் ஷெட்டுக்குள் சீட்டில் கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டி அது. "இங்கிலீஷ்காரன் செஞ்ச ஸ்போர்ட்ஸ் காருடா, ரெண்டே சீட்டு, மேல கூரையே கெடையாது" என்று நீ துள்ளினாய். எனக்குத் துருதான் தெரிந்தது. அப்புறம் இரண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ வருவாய், நானும் கடையைப் பாதி சாத்திவிட்டு உன்னோடு அதற்கு அடியில் படுப்பேன். அந்த வண்டியில் என் கை படாத நட்டு ஒன்று கிடையாது. அது ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நான்தான் தப்புச் செய்தேன் என்றால் அதையும் நானே சொல்வேன்.

முருகேசன்


வேடசந்தூர்
12.8.2024

முருகேசனுக்கு,

தங்கை புஷ்பமேரி வீட்டில் இருக்கிறேன். அம்மாவும் இங்கேதான். மேட்டுப்பட்டி வீட்டைப் பூட்டியாயிற்று. மில் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தவன் இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகவே ஆள் தேடுகிறேன்.

உன்னைப் பற்றி எழுதிக் கொடுத்ததற்கு நான் வருத்தப்படவில்லை. நடந்ததை நீ தெரிந்துகொள்.

அன்று எங்கள் கல்யாண நாள். ஐரினுக்கு அந்த வண்டி பிடிக்காது என்று உனக்கே தெரியும். "என்னைய விட அதுகூடத்தான குடும்பம் நடத்துறீங்க" என்பாள். அவளை ஏற்றவே அரை மணி நேரம் கெஞ்சினேன். நீயும் அவளிடம் போனில், "நம்பி ஏறு தங்கச்சி, பிரேக் நான் கட்டுனது" என்றாய். அதைக் கேட்டபிறகுதான் ஏறினாள். மேலே போகும்போது சிரித்துக்கொண்டுதான் வந்தாள். சேலை பறக்கிறது என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி மடியில் வைத்திருந்தாள்.

இறங்கும்போது பாதிக்கு மேல் வந்துவிட்டோம். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன், கால் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், மறுபடி மிதித்தேன். ஒன்றும் இல்லை. "ஏங்க, பிரேக்கப் போடுங்க" என்றாள். கத்தவில்லை, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தவள் போலச் சொன்னாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி பக்கவாட்டில் சுழன்று, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் போய் மோதியது.

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டேன். போய்ப் பார். பார்த்துவிட்டு எதை ஒழுங்காக முடுக்காமல் விட்டாய் என்று எனக்கு எழுது.

பிராங்கிளின்


திண்டுக்கல்
20.8.2024

பிராங்கிளின்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு கடையிலேயே அழுதேன். அந்த போனில் பேசியது என் காதிலேயே நிற்கிறது. நீ எழுதித்தான் எனக்கு ஞாபகம் வரவேண்டும் என்பதில்லை.

வண்டியைப் பார்த்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றார். நான் ஒரு முடிவோடுதான் போனேன். ஏதோ ஒரு குழாய் முனை கழன்றிருக்கும், அதை முடுக்காமல் விட்டது நான்தான் என்று. நான்கு சக்கரத்துக்கும் போகிற குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். எங்கேயும் கழலவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை. பிறகு உள்ளே கையை விட்டு பெடலை அமுக்கினேன். கல்லாட்டம் நிற்கிறது, பிராங்கி. தரையைத் தொட்டது என்றாயே, அந்தப் பெடல்.

இன்ஸ்பெக்டரிடம் கேட்டு, சக்கரத்துப் பக்கமிருந்து கொஞ்சம் பிரேக் ஆயிலை எடுத்தேன். எதிரே இருந்த டீக்கடை அடுப்பில் கரண்டியைக் காயவைத்து அதில் விட்டேன். பொரியல் தாளிக்கிற மாதிரி படபடவென்று வெடித்தது. சுத்தமான ஆயில் அப்படி வெடிக்காது. உள்ளே தண்ணீர் இருக்கிறது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தில் சூடு ஏறும். வெறும் ஆயில் அதைத் தாங்கும். தண்ணீர் கலந்திருந்தால் கொதித்து ஆவியாகிவிடும். அப்புறம் நீ மிதிப்பது ஆவியைத்தான், அது அமுங்குமே தவிர வண்டியை நிறுத்தாது. ஆறினபிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

இப்போது நீ யோசித்துச் சொல். மலைக்குப் போவதற்கு முந்தின வாரம் உன் வீட்டு வாசலில் வைத்து, குழாயில் நிற்கிற காற்றை வெளியே தள்ள பிரேக்குக்கு ஏர் எடுத்தோமே. நீ பெடலை மிதித்தாய், நான் அடியில் படுத்துச் சக்கரத்து நட்டைத் திறந்து மூடினேன். ஆரம்பிக்கும்போதே ஆயில் கிண்ணம் வாய்வரை நிறைந்திருந்தது. அதற்கு முந்தின வாரம் நான் பாதியளவுதான் விட்டிருந்தேன். நீ ஊற்றியிருப்பாய் என்று நினைத்து நான் கேட்கவில்லை. நீ என்ன ஊற்றினாய்? எந்த டப்பாவிலிருந்து?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் இறங்கினாயா?

முருகேசன்


வேடசந்தூர்
27.8.2024

முருகேசனுக்கு,

இரண்டாவது கியரில் இறங்கினேன். நீ சொல்லிக்கொடுத்தபடிதான் இறங்கினேன். பக்கத்தில் ஐரினை வைத்துக்கொண்டு நியூட்ரலில் இறங்குகிறவன் என்று என்னை நீ நினைத்ததே போதும்.

நான் எதையும் ஊற்றவில்லை. கிண்ணம் நிறைந்திருந்ததை நானும் பார்த்தேன். நீதான் ஊற்றிவிட்டுப் போயிருப்பாய் என்று நினைத்தேன். உன் கடையில் பிரேக் ஆயில் டப்பா மூடி இல்லாமல் ஜன்னலில் நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிற ஜன்னல் அது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறாயா?

அந்த வாரம் வண்டி எங்கள் வாசலில்தான் நின்றது. வேறு யாரும் தொடவில்லை. என் வீட்டில் யாருக்கு பானெட் திறக்கத் தெரியும்?

அம்மா உன் கடிதத்தை என் கையில் பார்த்துவிட்டு, "என்னலே எழுதுறான், கொலகாரப் பய? தப்பிக்க வழி தேடுறானா?" என்று கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இனி எழுதாதே.

பிராங்கிளின்


திண்டுக்கல்
10.9.2024

பிராங்கி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ சொன்ன ஜன்னல் டப்பாவை நினைத்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஒருவேளை அப்படித்தானோ என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன். நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் அம்மா கடைக்கு வந்தார். மேட்டுப்பட்டி வீட்டில் துணிமணி எடுக்க வந்தவர் அப்படியே இங்கே நடந்து வந்திருக்கிறார். குனிந்து ரோட்டு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி என் கடைக்குள் தூற்றினார். "ஏலே முருகேசா, எங்கையால எத்தன நாளு சோறு தின்ன. வெஞ்சனம் பத்தலன்னா எந்தட்டுலருந்து எடுத்து வச்சேனே. நீ வெளங்குவியா?" என்றார். டீக்கடையிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பெற்ற தாய் போல இருந்தவர், திட்டட்டும் என்று நின்றேன்.

அப்புறம்தான் அதைச் சொன்னார். "நீ கட்டுன பிரேக்க நம்பியிருந்தா எம்மகனும் போயிருப்பான். நாந்தான் மாதா தீர்த்தத்த வண்டிக்குள்ள ஊத்துனேன். அதுலதான் அவனாச்சும் மிஞ்சுனான்."

"எதுலம்மா ஊத்துனீங்க?" என்றேன்.

"முன்னாடி மூடி தொறந்துதான் கெடந்துச்சு. அவன் தொடச்சுட்டு சாத்தாமப் போட்டுருந்தான். பெரிய மூடி திருக வரல. பக்கத்துல சின்னக் கிண்ணம் இருந்துச்சு, அதுல ஊத்துனேன். ரெண்டு அருள்நிறைந்த மரியே சொல்லி ஊத்துனேன்."

பிராங்கி, அவர் ரேடியேட்டர் என்று நினைத்துத்தான் ஊற்றியிருக்கிறார். உன் அப்பா பஸ் ஓட்டிய காலத்தில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தவர்தானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஏர் எடுக்கிறோம் என்று மிதித்து மிதித்து அந்தத் தண்ணீரை நான்கு சக்கரத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். கிண்ணம் நிறைந்திருந்ததை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். ஒருத்தரும் வாயைத் திறந்து கேட்கவில்லை.

நான் உன் அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஸ்டூலை எடுத்துப் போட்டேன், உட்காரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன், அதிலும் ஏறவில்லை. வெயிலில் நடந்தே போனார்.

இரவு தமிழ்மதியிடம் பேசிப் பார்த்தேன். "பிரேக் ஆயில்ல தண்ணி கலந்துருக்கும்மா" என்று ஆரம்பித்ததுமே, "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வச்சிருக்கீங்கப்பா" என்று எழுந்து போய்விட்டாள். அதற்குமேல் அந்தக் கிழவியின் பெயரைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது நீ சொல், நான் என்ன செய்ய?

முருகேசன்


வேடசந்தூர்
24.9.2024

முருகேசா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்வேன், அம்மா காபி கொண்டு வருவார்கள், தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவேன்.

நீ எழுதியது உண்மை. அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். உன்னிடம் சொன்னதையே என்னிடமும் சொன்னார்கள், சந்தோஷமாகச் சொன்னார்கள். பாட்டிலில் பாதியை ஊற்றிவிட்டு மீதியை என் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள். காலையில் அதைத் தொட்டுத்தான் என் நெற்றியில் சிலுவை போடுகிறார்கள்.

நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிற யோக்கியதைகூட எனக்கு இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.

ஐரின் போனதிலிருந்து அம்மா இரண்டு வாய்க்குமேல் சாப்பிடுவதில்லை. என் மகனை மாதா காப்பாற்றிக் கொடுத்தாள், நான் ஊற்றிய தீர்த்தம் காப்பாற்றியது என்று சொல்லிக்கொண்டுதான் அந்த இரண்டு வாயும் இறங்குகிறது. ஐரினை அவர்கள் மருமகளாகவா வைத்திருந்தார்கள்? அவள் சேலையைத்தான் மடித்துத் தலைக்கு வைத்துப் படுக்கிறார்கள். தன் கையால்தான் அவள் செத்தாள் என்று தெரிந்தால், முருகேசா, அம்மா ஒரு நாள் தாங்கமாட்டார்கள். கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. நான் எழுந்து ஓடித் தடுக்க முடியாது.

ஊர் உன்னைத் திட்டும், கொஞ்ச நாளில் மறந்துவிடும். வண்டி ரிப்பேர் என்றால் மறுபடி உன்னிடம்தான் வருவார்கள். நான் கேட்பது அநியாயம்தான். ஸ்டேஷனில் கொடுத்ததை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். காரணம் மட்டும் வெளியே வர வேண்டாம்.

பிராங்கிளின்


திண்டுக்கல்
1.10.2024

பிராங்கி,

ஊர் மறந்துவிடும் என்று லேசாக எழுதிவிட்டாய். போனவாரம் ஒரு ஆள் சாணார்பட்டியிலிருந்து டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்தான். டீக்கடையில் யாரோ ஏதோ சொல்ல, இறங்காமலே திருப்பிக்கொண்டு போனான். சுகன்யா கடைகண்ணிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என் பொண்டாட்டி செய்த பாவம் என்ன? உன் கடிதத்தைப் படித்ததும் நேராக வேடசந்தூருக்கு வந்து உன் சட்டையைப் பிடிக்கலாமா என்றுகூட இருந்தது.

பிறகு அந்தக் கிணற்றை நினைத்தேன். நானும் அவர் கையால் சாப்பிட்டவன்தான்.

சரி, நான் சொல்லவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்டால், ஆயில் நிறைந்திருந்ததைப் பார்த்தும் சோதிக்காமல் விட்டது நான் என்று சொல்கிறேன். அது பொய்யும் இல்லை. உன் அம்மா இன்னும் எத்தனை தடவை வந்து மண்ணைத் தூற்றினாலும் வாயைத் திறக்கமாட்டேன். போதுமா?

ஆனால் ஒருத்திக்கு மட்டும் தெரிய வேண்டும். தமிழ்மதிக்கு. ஊர் முழுக்க என்னைக் கொலைகாரன் என்று சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். என் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே நடமாடுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஜெயிலில்கூட ஒரு வார்த்தை பேச ஆள் இருக்கும். பெரிய பரீட்சை எழுதுகிற பிள்ளை, ஹாஸ்டலில் சேர்த்துவிடச் சொல்லி அவள் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை.

நான் சொன்னால் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். "உங்கப்பா மேல தப்பு இல்லம்மா" என்று உன் வாயால் ஒரு வார்த்தை. தீர்த்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அம்மாவைப் பற்றியும் வேண்டாம். தப்பு இல்லை என்பது மட்டும். அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், அதற்கு நான் பொறுப்பு. நீ எழுந்து நடக்க ஆரம்பித்ததும் வா. வீட்டுக்கு வர வேண்டாம், பள்ளிக்கூட வாசலில் சாயங்காலம் பார்த்தால் போதும்.

இதைத் தவிர உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்கப்போவதில்லை.

முருகேசன்


வேடசந்தூர்
8.11.2024

முருகேசா,

நேற்று வந்தேன். கட்டையை ஊன்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தேன். அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னேன். பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையை உனக்காக எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மணி அடித்ததும் பிள்ளைகள் வந்தார்கள். என்னைத் தெரிந்த டீச்சர்கள் இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். ஐரின் உட்காரும் நாற்காலியில் இன்னும் யாரும் உட்கார்வதில்லை என்றார்கள். தமிழ்மதி தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டாள். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் காலில் விழுந்துவிட்டாள். கட்டை ஊன்றியிருந்த காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பாவ மன்னிச்சிருங்க சார்" என்றாள். "நான் அவருகிட்ட பேசுறதே இல்ல சார். எங்கப்பா செஞ்சதுக்கு நான் என்ன சார் செய்வேன், டீச்சர் எம்மேல எம்புட்டுப் பாசமா இருந்தாங்க" என்று அழுதாள்.

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பிள்ளைகள், டீச்சர்கள், வாட்ச்மேன், ஆட்டோக்காரர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உங்கப்பா மேல் தப்பு இல்லை என்று சொன்னால், அப்படியென்றால் யார் மேல் என்று அத்தனை பேரும் கேட்பார்கள். எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

நான் குனிந்து அவள் தலையில் கையை வைத்து, "மன்னிச்சிட்டேம்மா" என்றேன்.

ஒரு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தமிழ்மதி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை என் பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வழியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பக்கத்தில் யாரும் இல்லை. அப்போது சொல்லியிருக்கலாம். கூடவே நடந்துகொண்டு அவள் ஹாஸ்டலைப் பற்றிச் சொன்னாள், அரையாண்டு முடிந்ததும் போகிறாளாம். நான் நல்லாப் படிம்மா என்றேன்.

இன்னொரு தடவை வருகிறேன் என்று உனக்கு எழுதலாம்தான். வரமாட்டேன், முருகேசா. நான் சொல்லப்போவதில்லை. நீ என் வரவுக்காகக் காத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிராங்கிளின்